ஒரு பந்துக்கு 6 பேர்: ஜெர்மனி தன் சிறுவர் கால்பந்தை மாற்றிய விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இரு பக்கமும் 7 பேர், ஒரே பந்து, 40 நிமிடம். ஜெர்மனியின் பல மாநிலங்களில் 8 வயதுக் குழந்தைகளின் வார இறுதி ஆட்டம் நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. பந்து ஒரு நொடிகூட வெளியே போகவில்லை, 14 பேருக்கும் சமமாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு குழந்தையின் காலில் பந்து இருக்கும் நேரம் 3 நிமிடத்துக்கும் குறைவு. நிஜத்தில் சமமாகவும் கிடைப்பதில்லை. வளர்த்தியான இரண்டு பேர் பந்தைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வார்கள். கோல்கீப்பர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். பின்வரிசையில் இருக்கும் பிள்ளை, "அங்கேயே நில்லு" என்று சொன்னதை அப்படியே காப்பாற்றிக்கொண்டிருக்கும். பெஞ்சில் இருக்கும் மூன்று பேர் பயிற்சியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிய 5 நிமிடம் இருக்கும்போது உள்ளே அனுப்பப்படும் பிள்ளையை நம் தெருக்களில் ஒப்புக்குச் சப்பாணி என்பார்கள்.

2024-25 பருவத்திலிருந்து ஜெர்மன் கால்பந்துக் கூட்டமைப்பு இந்த ஆட்டத்தைக் கீழ் வயதுப் பிரிவுகளிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தவை சின்னக் களங்கள், நான்கு சிறு கோல்கள், ஒரு பக்கம் 2 அல்லது 3 பேர், புள்ளிப்பட்டியல் இல்லாத விளையாட்டு விழாக்கள். என்ன மாறியது, ஒரு சனிக்கிழமை காலையில் அதை எப்படி நடத்துகிறார்கள், எங்கே சொதப்புகிறது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. எங்கள் வாதம் இதுதான்: எல்லாரையும் ஆட விடுங்கள் என்று பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்தும் நடக்காததை ஆட்டத்தின் அமைப்பை மாற்றி நடத்திக்காட்டலாம். ஆனால் களம் போடுகிறவர் கை சரியில்லை என்றால் அந்தப் பலனில் பாதி அங்கேயே ஒழுகிவிடும்.

எதனால் இந்த மாற்றம்

2018 உலகக் கோப்பையிலும் 2022 உலகக் கோப்பையிலும் ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறியது, அந்த அதிர்ச்சியில்தான் சிறுவர் ஆட்டத்தை மாற்றினார்கள் என்று சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, கால வரிசைதான் முழுதாகப் பொருந்தவில்லை. மாநில அளவிலான சோதனை ஓட்டம் 2019-லேயே தொடங்கிவிட்டது. 4 சிறு கோல்களோடு 3-க்கு 3 ஆடும் முறை அதைவிடப் பழையது. ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் உருவாக்கிய முறை அது. ஃபுனினோ என்பது அவர் வைத்த பெயர். அவர் கால்பந்துக்காரர் அல்ல, ஹாக்கிக்காரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். எர்லாங்கன்-நியூரெம்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மத்தியாஸ் லோக்மன் இந்த முறையைச் சங்கங்களுக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் பேசி வந்தார். பக்கத்து நாடான பெல்ஜியம் தன் இளையோர் ஆட்டத்தை 2-க்கு 2, 5-க்கு 5, 8-க்கு 8 என்று படிப்படியாக ஏற்றும் ஏணியாக முன்பே மாற்றியிருந்தது.

2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் அடிவாங்கிய பிறகு ஜெர்மனி செய்த சீர்திருத்தம் ஊரறிந்தது. தொழில்முறை கிளப்புகளுக்கு இளையோர் அகாடமி கட்டாயமானது, நாடெங்கும் திறமைப் பயிற்சி மையங்கள் வந்தன, 2014-இல் உலகக் கோப்பையும் வந்தது. அந்த வேலை பெரும்பாலும் 10, 11 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கெனவே தேர்வான பிள்ளைகளுக்கானது. அதற்குக் கீழே, சுமார் 24,000 உள்ளூர்ச் சங்கங்களில் யாரோ ஒருவரின் அப்பா பயிற்சியாளராக நின்று நடத்தும் ஆட்டத்தை யாரும் தொடவில்லை.

உடல் திறனைப் பற்றிய கவலை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 2003 முதல் 2006 வரை கார்ல்ஸ்ரூ நகரத்து ஆய்வாளர்கள் 4 முதல் 17 வயது வரையுள்ளவர்களை நாடு முழுக்கச் சோதித்தார்கள். அவர்களில் 35 விழுக்காட்டினரால் 3 செ.மீ. அகலக் கட்டையின் மேல் பின்னோக்கி இரண்டு அடி வைக்க முடியவில்லை. 43 விழுக்காட்டினரால் முன்குனிந்து பாத மட்டத்தை எட்ட முடியவில்லை. வாரம் ஒருமுறை சங்கத்துக்கு வரும் குழந்தை அந்த ஒரு மணி நேரத்திலும் நின்றுகொண்டிருந்தால் அது யாருக்கு நட்டம் என்ற கேள்வி கூட்டமைப்பின் மேசைக்கு வர இதுவும் ஒரு காரணம்.

முடிவும் அதன் சட்டகமும்

2022 மார்ச் 11 அன்று பான் நகரில் கூடிய கூட்டமைப்பின் பொதுக்குழு புதிய ஆட்ட வடிவங்களை ஏற்றது. 21 மாநிலச் சங்கங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்து, 2024-25 பருவத்திலிருந்து கட்டாயமாக்கியது. இந்த அவகாசம் முக்கியமானது. உள்ளூர்ச் சங்கங்கள் கோல் வாங்க வேண்டும், விழா நாள்களைப் பிரிக்க வேண்டும், தன்னார்வப் பயிற்சியாளர்களுக்கு ஒரு முறையாவது செய்துகாட்ட வேண்டும்.

ஜி பிரிவு என்பது 7 வயதுக்கு உட்பட்டவர்கள். இவர்களுக்கு 2-க்கு 2 அல்லது 3-க்கு 3. நான்கு சிறு கோல், கோல்கீப்பர் கிடையாது. 2-க்கு 2 களம் சுமார் 20 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். எஃப் பிரிவு 8, 9 வயதுக்கு உட்பட்டவர்கள். இங்கே 3-க்கு 3 தொடரும், அதோடு 40-க்கு 25 மீட்டர் களத்தில் 5-க்கு 5-உம் உண்டு. இ பிரிவு 10, 11 வயதுக்கு உட்பட்டவர்கள். 5-க்கு 5, பிறகு 55-க்கு 35 மீட்டர் களத்தில் 7-க்கு 7. கோல்கீப்பரோடு ஆடும் களங்களில் 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரக் கோல். வாய்ப்பிருந்தால் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே துணியோ பட்டையோ கட்டி உயரத்தை 1.65 மீட்டராகக் குறைக்கிறார்கள். 1.20 மீட்டர் உயரப் பிள்ளையின் தலைக்கு மேலே தூக்கியடித்த பந்தையெல்லாம் கோல் என்று கணக்கெடுத்தால் கோல்கீப்பிங்கை யாரும் விரும்பமாட்டார்கள். சிறிய பிரிவுகளில் பந்து 3-ஆம் எண், எடை சுமார் 290 கிராம். லீக் இல்லை, புள்ளிப்பட்டியல் இல்லை.

பட்டியல் இல்லை என்றால் போட்டி இல்லை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது தவறு, பின்னால் வருவோம்.

ஒரு களத்தைக் கிட்டத்தில் பார்த்தால்

3-க்கு 3 களத்தின் அளவு சுமார் 28-க்கு 22 மீட்டர். ஒவ்வொரு கோல் கோட்டிலும் இரண்டு சிறு கோல்கள், அதாவது ஓர் அணி இரண்டைத் தாக்கும், இரண்டைக் காக்கும். கோல் ஏறத்தாழ 1.20 மீட்டர் அகலம், 80 செ.மீ. உயரம். கோல் கோட்டிலிருந்து 6 மீட்டரில் ஒரு கோடு. அந்தப் பகுதிக்குள் வந்து அடித்தால்தான் கோல். பந்து பக்கவாட்டில் வெளியே போனால் த்ரோ-இன் இல்லை, அதே இடத்தில் தரையில் வைத்துக் காலால் உருட்டிக்கொண்டோ பாஸ் செய்தோ உள்ளே வரலாம்.

இரண்டு கோல் இருப்பதன் பயனைச் சிறு பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரே கோல் என்றால் பந்தைச் சுற்றி எல்லாரும் வெல்லக்கட்டியை ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள், பந்தும் கூட்டமும் ஒரே திசையில் நகரும். இரண்டு கோல் இருந்தால் இடப்பக்கம் கூட்டம் சேர்ந்த அந்த நொடியே வலப்பக்கக் கோல் திறந்து கிடக்கும். பந்து வைத்திருக்கும் பிள்ளை தலை தூக்கிப் பார்த்தால் லாபம். திரும்பினால் இன்னும் லாபம். "தலையைத் தூக்கிப் பாரு" என்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்த வேண்டிய பாடத்தைக் களமே கற்றுக்கொடுக்கிறது.

கெடுவதும் இங்கேதான். முதலாவது, கோல்களை நெருக்கி வைப்பது. 22 மீட்டர் கோட்டில் கோல்கள் மூலையிலிருந்து 1 முதல் 2 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும், அப்போது இரண்டுக்கும் நடுவே 15 மீட்டருக்குக் குறையாத இடைவெளி கிடைக்கும். 5 மீட்டர் இடைவெளியில் வைத்தால் ஒரு தடுப்பாளர் நடுவில் நின்றே இரண்டையும் காத்துவிடுவார். நான்கு கோல் போட்டும் இரண்டு கோல் ஆட்டமாகிவிடும். கூடவே, யாரோ ஒரு பிள்ளை கோல் வாயிலேயே காலை நீட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இரண்டாவது, 6 மீட்டர் கோடு. இரண்டு கோன் வைத்தால் போதும் என்று விடுவார்கள். நடுவில் கோன் இல்லாததால் எது பகுதி எது வெளி என்று குழந்தைக்குத் தெரியாது. பெரியவர்கள் கத்தித் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார்கள். பக்கத்துக்கு ஒன்று, நடுவில் இரண்டு தட்டைக் கோன் என ஒரு கோட்டுக்கு 4 வேண்டும். கோடே போடாமல் விட்டால் வலுவான காலுள்ள ஒருவர் பாதி மைதானத்திலிருந்து உருட்டிவிட்டே கோல் அடிப்பார், மற்றவர்கள் பந்தெடுத்துப்போடும் வேலை பார்ப்பார்கள். 2-க்கு 2 ஆட்டத்தில் இதையே நடுக்கோட்டைக் கடந்த பிறகு அடித்தால்தான் கோல் என்று எளிதாக வைத்துக்கொள்வது வழக்கம்.

மூன்றாவது அளவு. களம் பெரிதானால் வேகமான பிள்ளை எல்லாரையும் ஓடியே கடந்துவிடும். பந்தைக் காலோடு உருட்டி எதிராளியைக் கடக்கும் டிரிப்ளிங்கும் வராது, பாஸும் வராது. 15 மீட்டர் நீளத்துக்குச் சுருக்கிவிட்டால் இரண்டு 6 மீட்டர் பகுதிகளுக்கு நடுவே 3 மீட்டர்தான் மிஞ்சும். பந்தைத் தொட்டதுமே கோல் அடிக்கும் எல்லை வந்துவிடும், யோசிக்க இடமிருக்காது.

மாற்று ஆட்டக்காரர்: சுழற்சி விதி

பெஞ்ச் என்ற சிக்கலை உடைத்தது இந்த விதிதான். ஒரு கோல் விழுந்ததும் இரண்டு அணியிலும் ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. வரிசை முன்கூட்டியே நிர்ணயமானது. யாரை இறக்குவது என்ற தேர்வே பயிற்சியாளரிடம் இல்லை, ஆகவே நல்ல ஆட்டக்காரரைக் கடைசி நிமிடம்வரை வைத்துக்கொள்ளும் ஆசைக்கும் இடமில்லை.

சமமான அணிகள் மோதும்போது இது அழகாக ஓடும். சமமில்லை என்றால் இரண்டு விதமாக இடறும். கோல் மழை பெய்தால் 20 நொடிக்கு ஒரு முறை ஆள் மாறி, எந்தப் பிள்ளைக்கும் உடம்பு சூடாவதற்குள் வெளியே வந்துவிடும். கோலே விழாவிட்டால் வெளியே நிற்பவர் நின்றுகொண்டே இருப்பார். இரண்டாவதற்கு மருந்து நேர எல்லை: 2 நிமிடம் கோல் இல்லையென்றால் தானாக மாற்றம். முதலாவதற்கு மருந்து சுழற்சியில் இல்லை, அணிகளைச் சரியாகப் பொருத்துவதில் இருக்கிறது.

சில பயிற்சியாளர்கள் வரிசையிலும் கை வைப்பார்கள். வலுவான பிள்ளை வெளியே போக வேண்டிய முறை வரும்போது "ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு, நீ போ" என்று வேறொருவரை அனுப்புவது பழைய உத்தி. பிப்பில் (அணியைப் பிரித்துக்காட்ட மேலே மாட்டும் வண்ணச் சட்டை) 1, 2, 3, 4 என்று எண் போட்டு, எண் வரிசையில்தான் வெளியேற்றம் என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டால் இது நிற்கும். ஏழு வயதுப் பிள்ளைகள் முறை தவறுவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. பயிற்சியாளரைவிடக் கறாராக அவர்களே கவனித்துக்கொள்வார்கள்.

8 அணி, 4 களம்: ஒரு விழாவின் கணக்கு

முழு மைதானம் 105-க்கு 68 மீட்டர் என்றால் பாதி மைதானம் 68-க்கு 52.5. அதில் 28-க்கு 22 அளவில் 4 களங்கள், இடையே 4 மீட்டர் சந்து விட்டுத் தாராளமாக அடங்கும்: ஒரு பக்கம் 60 மீட்டர், மறுபக்கம் 48. களத்தை 25-க்கு 20 ஆகக் குறைத்தால் 6 களம்கூடப் போடலாம், ஆனால் வெளி ஓரத்தில் இடமே இருக்காது; பெற்றோர் நிற்கவும் பந்து உருளவும் வழியில்லாமல் போகும். நாலே போதும்.

தேவையான சாமான்: 16 சிறு கோல். மூலைக்கு 16 கோன், 6 மீட்டர் கோடுகளுக்கு 32 தட்டைக் கோன். களத்துக்கு இரண்டு பந்து வீதம் 8, கையிருப்பாக இன்னும் 4. மறு பந்து கோலுக்குப் பின்னால் கிடக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் களத்தில் போய் எடுத்துவரவே ஆட்ட நேரம் கரையும். இரண்டு நிறத்தில் பிப். எல்லாக் களத்துக்கும் சேர்த்து ஒரே விசில், ஒரே கடிகாரம். களத்துக்குக் களம் தனித்தனியாகத் தொடங்கி முடித்தால் முதல் சுற்றிலேயே எல்லாம் குழம்பும்.

16 கோல் என்பது சிறிய சங்கத்துக்குப் பெரிய செலவு, அதுதான் முதலில் எழுந்த முணுமுணுப்பும். பல இடங்களில் பக்கத்துச் சங்கங்கள் ஆளுக்கு நான்கு கொண்டுவந்து சேர்த்துக்கொள்கின்றன. கம்போ உயரக் கோனோ 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டாலும் ஆடலாம். ஆனால் "மேலே போச்சு, உள்ளே போச்சு" என்ற சண்டை வரும். பந்து முட்டிக்குக் கீழே போனால்தான் கோல் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மடக்கும் வகைக் கோல்கள் காற்றில் பறக்கும், ஆணி அடித்தோ மணல் மூட்டை வைத்தோ நிறுத்த வேண்டும். 5 மீட்டர் கோல் விஷயத்தில் இது கட்டாயம். நிலத்தில் பிணைக்காத கோல் சரிந்து குழந்தைகள் இறந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

நேரக் கணக்கு: 7 சுற்று, சுற்றுக்கு 7 நிமிடம், இடையே 3 நிமிடம். மொத்தம் 67 நிமிடம், அதில் ஆட்டம் 49. அணியில் 4 பேர் இருந்தால் ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 37 நிமிட ஆட்டம். 5 பேர் என்றால் 29 நிமிடம்தான். அதனால் 10 பிள்ளைகளோடு வரும் சங்கத்திடம் 5, 5 என்று பிரிக்காமல் 3, 3, 4 என்று மூன்று அணி ஆக்கச் சொல்வது நல்லது, களத்தில் இடமிருந்தால். மாற்று ஆளே இல்லாத மூவர் அணி களைத்துப்போகும், ஒருவர் விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பது அதன் விலை. வெயில் நாளில் 4, 3, 3-ஐவிட 5, 5 பரவாயில்லை.

அணிகளைப் பொருத்துவது ஏறி இறங்கும் முறையில். களம் 1 உச்சி, களம் 4 அடி. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வென்ற அணி ஒரு களம் மேலே போகும், தோற்ற அணி ஒரு களம் கீழே வரும். களம் 1-இல் வென்றவரும் களம் 4-இல் தோற்றவரும் அங்கேயே இருப்பார்கள். சமன் என்றால் கடைசிக் கோல் அடித்தவர் மேலே. கோலே இல்லாவிட்டால் கல்-காகிதம்-கத்தரி. இடத்துக்கு இடம் விதி வேறுபடும், ஆனால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த முறையின் ஓட்டையும் கணக்கில்தான் இருக்கிறது. வலுவான அணியைத் தெரியாமல் களம் 4-இல் தொடங்கவைத்தால் அது உச்சிக்கு வர மூன்று வெற்றி வேண்டும், நான்காவது சுற்றில்தான் தன் நிகரான அணியைச் சந்திக்கும். 7-இல் 3 சுற்று வீண். அந்த மூன்று சுற்றிலும் அதன் எதிரே நின்றவர்களுக்கும் வீண். ஆகவே தொடக்க இடத்தைக் குலுக்கிப் போடக் கூடாது. பயிற்சியாளர்களிடம் "உங்கள் அணி எப்படி" என்று கேட்டால் எல்லாரும் "புதுப் பிள்ளைகள், சுமார்தான்" என்பார்கள். அதைவிட, எத்தனை பேர் இரண்டாவது பருவம் ஆடுகிறார்கள் என்று கேட்டால் சரியான விடை வரும்.

இன்னொரு ஓட்டை அடியில். மிகப் பலவீனமான அணி களம் 4-இல் நிலைத்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் மேலிருந்து இறங்கிவரும் அணியிடம் தோற்கும். ஏழு சுற்றிலும் தோற்று வீடு திரும்பும் பிள்ளைக்குப் புள்ளிப்பட்டியல் இல்லை என்பது ஆறுதல் ஆகாது. 3 கோல் பின்தங்கினால் ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கலாம், இடைவெளி குறைந்ததும் எடுத்துவிடலாம் என்ற விதி பல இடங்களில் உண்டு. அதுவும் போதாதபோது நான்காவது சுற்றுக்கு முன் இரண்டு அணிகளுக்கிடையே ஒரு பிள்ளையை மாற்றிக்கொள்வதைவிட வேறு நல்ல வழி இல்லை. பயிற்சியாளர்கள்தான் தயங்குவார்கள், பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் சேர்ந்துகொள்வார்கள்.

கோட்டுக்கு வெளியே

ரெஃப்ரி இல்லாமல் பிள்ளைகளே முடிவு செய்வது, இரு அணிப் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பது, பெற்றோர் 15 மீட்டர் தள்ளி நிற்பது. இந்த மூன்றும் புதிய சீர்திருத்தத்தில் பிறந்தவை அல்ல. 2005-இல் ஆகன் பகுதியில் ரால்ஃப் க்ளோர் தொடங்கிய ஃபேர் பிளே லீக்கின் விதிகள். சின்னக் களங்களுக்கு இவை முன்பைவிட அவசியம், ஆனால் செயல்படுத்துவது கடினம். ஒரே மைதானத்தில் 4 களம் இருக்கும்போது பெற்றோர் தம் பிள்ளையைப் பார்க்கக் களங்களுக்கு நடுவே உள்ள சந்துக்குள் வந்துவிடுவார்கள். சுற்று மாறும்போது கூடவே நடப்பார்கள். தனித்தனியாக 15 மீட்டர் அளப்பதை விட்டு, நான்கு களத்தையும் சுற்றி ஒரே கயிறு கட்டி, கயிற்றுக்கு உள்ளே பயிற்சியாளர் தவிர யாரும் வரக் கூடாது என்றால் வேலை முடிந்தது.

பயிற்சியாளர் வாயை அடக்குவதற்குக் கயிறு இல்லை. பந்து காலுக்கு வந்த நொடியில் "பாஸ்! பாஸ்!" என்று கேட்கும் பிள்ளை, எதிராளியைக் கடந்து போகப் பார்ப்பதையே விட்டுவிடும். அதற்காகத்தானே இவ்வளவு சின்னக் களம் போட்டோம். ஆட்டத்தின்போது பாராட்டும் மாற்றத்துக்கான எண்ணும் மட்டும், திருத்தம் இடைவேளை 3 நிமிடத்தில், அதுவும் ஒரே ஒரு கேள்வியாக: "எந்தக் கோல் காலியா இருந்துச்சு?"

எதிர்ப்பு எங்கே நியாயம், எங்கே தவறு

2023 செப்டம்பரில் அப்போது போருசியா டோர்ட்முண்ட் கிளப்பின் தலைமை நிர்வாகியாகவும் கூட்டமைப்பின் துணைத் தலைவராகவும் இருந்த ஹான்ஸ்-யோவாக்கிம் வாட்ஸ்கே இதைப் பகிரங்கமாகக் கிண்டலடித்தார். இனிப் பந்தே இல்லாமல் ஆடச் சொல்வார்களோ என்ற தொனியில் அவர் பேசியது நாடு முழுக்கப் பரவியது. தோல்வியே தெரியாத பிள்ளை எப்படிப் போராடக் கற்கும் என்பதுதான் வாதத்தின் சாரம். சொன்னவர் கூட்டமைப்பின் உள்ளிருந்தே சொன்னதால் சங்கங்களில் குழப்பம். அந்த ஆண்டு இளையோர் பொறுப்புக்கு வந்த ஹன்னஸ் வோல்ஃப் ஊர் ஊராக, மேடை மேடையாக விளக்க வேண்டியிருந்தது.

மேலே பார்த்த விழாவில் ஒரு பிள்ளை ஒரே காலையில் 7 முறை வெல்லவோ தோற்கவோ செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் உடனடியாகக் களம் மாறுகிறது. பழைய லீக்கில் வாரத்துக்கு ஒன்றுதான், அதுவும் சில வாரம் 12-0 போன்ற ஆட்டம். போட்டி கூடியிருக்கிறது, குறையவில்லை. எடுத்துவிடப்பட்டது பருவம் முழுக்கச் சுமக்க வேண்டிய பட்டியல். அதைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் வாராவாரம் பார்த்தார்கள்.

இன்னொரு வாதம்: 2023-இல் ஜெர்மனியின் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஐரோப்பியக் கோப்பையையும் இந்தோனேசியாவில் நடந்த உலகக் கோப்பையையும் வென்றது, பழைய முறையில் என்ன குறை என்று. அந்த ஆட்டக்காரர்கள் பழைய முறையில் வளர்ந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் அது அகாடமியில் தேர்வாகித் தப்பித்தவர்களின் கதை, விலகிப்போனவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதே அளவுகோலில், புதிய முறை ஆதரவாளர்கள் தேசிய அணியின் வெற்றியைக் காட்டி வாதாடுவதும் இப்போதைக்குப் பொருந்தாது. இன்று 7 வயதானவர் அந்த அணிக்கு வயதாக இன்னும் ஒரு பத்தாண்டு ஆகும்.

எதிர்ப்பில் நியாயமானவை சாதாரண விஷயங்கள். நான்கு களம் போட ஒரு மணி நேரம் முன்னால் யார் வருவது? கோல்கீப்பர் ஆசையுள்ள 8 வயதுப் பிள்ளைக்கு என்ன பதில்? முதல் கேள்விக்குப் பதில், வந்த பிள்ளைகளே கோன் வைப்பது. மாதிரிக் களம் ஒன்றைப் பெரியவர் போட்டுக் காட்டினால் மற்றவற்றை அவர்கள் போடுவார்கள். இரண்டாவதற்கு எஃப் பிரிவிலேயே 5-க்கு 5 ஆட்டத்தில் முறை வைத்துக் கோல் காக்க விடலாம், ஒருவரையே பருவம் முழுக்க நிறுத்தக் கூடாது.

கால்பந்து எட்டாத இடம்

உடலியக்க அறிவு என்பதில் நான்கு அம்சங்களைச் சேர்த்துப் பேசுவார்கள்: ஆர்வம், தன்னம்பிக்கை, உடல் திறன், விளங்கிக்கொள்ளும் அறிவு. சின்னக் களம் முதல் இரண்டுக்கு நேரடியாக உதவுகிறது. ஆட்டத்தை வாசிப்பதில் நான்காவதற்கும். மூன்றாவதில் அது ஒருதலைப்பட்சமானது. ஓட்டம், நிறுத்தம், திரும்புதல் எல்லாம் கிடைக்கும். எறிதல், பிடித்தல், தொங்குதல், உருளுதல், பின்னோக்கிச் சமநிலை கிடைக்காது. கட்டையில் நடக்க முடியாத 35 விழுக்காடு 3-க்கு 3 ஆடினால் சரியாகிவிடாது.

ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் ரோத் 1998-இல் தொடங்கிய பந்துப் பள்ளி இதற்கு வேறு பக்கத்திலிருந்து விடை சொல்கிறது: முதலில் கையால், காலால், மட்டையால் எல்லா விதப் பந்தும், ஒரு விளையாட்டைத் தேர்வதெல்லாம் பிறகு. கால்பந்துச் சங்கம் அதை முழுதாக எடுத்துக்கொள்ள முடியாவிட்டாலும் விழாவுக்குள் ஒரு ஓரத்தில் வைக்கலாம். 9 அணி வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி காத்திருக்க வேண்டும்; அந்த 7 நிமிடத்தை ஐந்தாவது நிலையமாக்குவது எளிது. தரையில் ஒரு மரக்கட்டை, முன்னும் பின்னும் நடக்க. நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்ட ஒரு அளவு நாடா. சுவரில் ஒரு வட்டம், டென்னிஸ் பந்தை வலக்கையால் 5, இடக்கையால் 5 எறிய. இடக்கை எறிதலில் கிட்டத்தட்ட எல்லாருமே தடுமாறுவதால் இங்கே கால்பந்தில் பின்தங்கிய பிள்ளைக்கும் சம வாய்ப்பு. இதை வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் செய்யவிட்டால் மறுபடி காத்திருப்புதான். மூன்றையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும்.

சங்கம் எதை எண்ணலாம்

முறை வேலை செய்கிறதா என்பதை அறியப் பெரிய கருவி வேண்டாம். ஒருவர் களத்தருகே நின்று ஒரே ஒரு பிள்ளையை ஒரு சுற்று முழுக்கப் பார்த்து மூன்று எண் குறிக்க வேண்டும்: பந்து தொட்டது, எதிராளியைக் கடக்க முயன்றது, வெளியே காத்திருந்த நேரம். பார்க்க வேண்டிய பிள்ளை சிறந்த ஆட்டக்காரர் அல்ல, அணியில் கடைசியாகத் தேர்வாகும் பிள்ளை. சராசரி எடுத்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். வளர்த்தியான ஒருவரின் தொடுகைகள் மற்ற இருவரின் வெறுமையை மறைத்துவிடும்.

அடுத்து பிறந்த மாதம். ஜனவரி 1-தான் வயதுப் பிரிவின் எல்லை. ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம், 7 வயதில் அது வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. சங்கத்தின் 'முதல் அணி' என்று அழைக்கப்படும் குழுவில் ஜனவரி-மார்ச் பிள்ளைகள் எத்தனை, அக்டோபர்-டிசம்பர் எத்தனை என்று எண்ணினாலே போதும். முதல் எண் இரண்டாவதைவிடப் பல மடங்கு என்றால் அந்தச் சங்கம் திறமையைத் தேர்ந்தெடுக்கவில்லை, உயரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆட்ட வடிவம் இதைத் தானாகச் சரிசெய்யாது. 'முதல் அணி'யைக் களம் 1-க்கு அனுப்பி மற்றவர்களைத் தனியாக விடும் பழக்கம் புதிய முறைக்குள்ளும் வசதியாக வாழ்கிறது.

கடைசியாக, ஆகஸ்டில் பதிவு செய்தவர்களில் அடுத்த ஆகஸ்டில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது. விலகியவரின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. காரணம் இடம்பெயர்வா, வேறு விளையாட்டா, பிடிக்கவில்லையா என்று மூன்றாகப் பிரித்தால் மூன்றாவது எண்தான் சங்கத்தின் மதிப்பெண்.

டி பிரிவுக்குத் தாண்டும்போது

இ பிரிவுக்கு அடுத்த டி பிரிவில் 9-க்கு 9. பெரிய களம், ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாளர்களுக்கு அப்பால் முன்கூட்டியே போய் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி), ரெஃப்ரி, த்ரோ-இன், புள்ளிப்பட்டியல் எல்லாம் ஒரே கோடையில் வந்து சேரும். 3-க்கு 3-இலேயே நீண்ட காலம் வைத்திருந்து திடீரென இங்கே தள்ளிய அணிகளில் இரண்டு தொல்லை தெரியும். நீள உதை வராது. பந்து இல்லாத பக்கத்தில் எங்கே நிற்பது என்று தெரியாது. இ பிரிவின் இரண்டாம் ஆண்டில், குறிப்பாகக் கடைசி அரைப் பருவத்தில், 7-க்கு 7-ஐ முதன்மையாக்கி, பயிற்சியில் மட்டும் 3-க்கு 3-ஐத் தொடர்வது சரியான பிரிப்பு. ஆஃப்சைடை விசில் இல்லாமல் முதலில் பழக்கலாம்: பயிற்சி ஆட்டத்தில் அத்துமீறி நின்றவர் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும், அவ்வளவுதான். த்ரோ-இன்னை 9 வயதிலிருந்தே பயிற்சியின் தொடக்கத்தில் 2 நிமிட விளையாட்டாகச் சேர்த்துவிட்டால் எறிதலும் வந்துவிடும், டி பிரிவின் முதல் ஆட்டத்தில் பின்கால் தூக்கிப் பந்தை இழப்பதும் குறையும்.